இஸ்திரிப் பெட்டியின் சப்பாத்து

இது நடந்தது போன வருடத்துக்கு முந்தைய வருடம், மாசி மாதத்தில், இத்தாலியின் மலைப்பக்கத்தில், பிரெஞ்சும் பேசுகிற எல்லையோர ஊர் ஒன்றில். ஆனால் சரியாகச் சொல்லப்போனால், அதற்கு நாலு நாள் முன்பே, பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் நான் வேலை செய்யும் சேலைக்கடையின் பின் அறையில் அது நடந்து முடிந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை. இப்போது நினைத்தாலும் கோபம் வரும். எழுதும்போது கொஞ்சம் கூடுதலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஸ்கி ஓடுகிறவள். ஸ்கி என்றதும் மலை உச்சியிலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்குவதை நினைக்காதீர்கள். ஒல்லியான இரண்டு நீளப் பலகைகளைக் காலில் பூட்டி, இரண்டு கையிலும் தடி ஊன்றி, பனியில் மேடும் பள்ளமுமாகப் பல கிலோமீட்டர் ஓடுகிற பந்தயம் இது. பத்து வயதில் பள்ளிக்கூடத்தால் ஒரு கிழமை பனிமலைக்குக் கூட்டிப்போனார்கள். மற்றப் பிள்ளைகள் சளியோடு திரும்பி வந்தார்கள், இவள் இந்தப் பைத்தியத்தோடு வந்தாள். நாங்கள் இருப்பது பாரிஸின் புறநகரான லெ பிளாங்-மெனிலில். அங்கே வருடத்தில் இரண்டு நாள் பனி விழும், மூன்றாம் நாள் சேறாகிவிடும். அதனால் கால்வாய்க்கரைப் பாதையில், சின்னச் சக்கரச் சில்லு பூட்டிய ஸ்கியில் ஓடிப் பழகினாள். நடக்கப் போகிறவர்களும் நாயைக் கூட்டிப் போகிறவர்களும் ஆரம்பத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், பிறகு வழி விடப் பழகிக்கொண்டார்கள்.

எங்கள் ஆட்கள் இன்னும் பழகவில்லை. "பனியிலை ஓடி என்னத்தைக் காணப்போறாள்? டியூசனுக்கு விடுங்கோ" என்று கடை முதலாளி அண்ணை கிழமைக்கு ஒரு தடவையாவது சொல்லுவார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு ரவிக்கைக்குக் கை பொருத்துவேன்.

அந்த மாசியில்தான் முதல் தடவையாக அவளை வெளிநாட்டுப் பந்தயம் ஒன்றுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு நாட்டுப் பிள்ளைகள் ஓடும் பந்தயம். எங்கள் கிளப்பிலிருந்து போனவள் இவள் ஒருத்திதான். மலைப்பக்கத்தில் ஒரு லிசே, அதாவது மேல்நிலைப் பள்ளி, இருக்கிறது, அங்கே காலையில் படிப்பு, பின்னேரம் ஸ்கி. அந்த லிசேக்காரர்கள் இந்தப் பந்தயத்துக்கு வந்து பார்த்துத்தான் பிள்ளைகளை எடுப்பார்கள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. அந்த லிசேயின் படத்தைத் தன் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாள், நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

ஸ்கிக்கு அடியில் மெழுகு பூச வேண்டும். மெழுகுக் கட்டியைச் சூடான இஸ்திரிப் பெட்டியில் வைத்து உருக்கி, சொட்டுச் சொட்டாக விழவைத்து, அதே பெட்டியால் தேய்த்துப் பரப்பி, ஆறியபின் சுரண்டி, பிரஷ் போட வேண்டும். பெரிய கிளப்புகளில் இதற்கென்றே ஆள் இருக்கிறார். எங்கள் கிளப்பில் அது அப்பா அம்மாவின் வேலை. என் கணவர் ரெஸ்தோரான் குசினியில் சமைக்கிறவர், அவருக்கு நேரமில்லை. நான் இருபது வருடமாக ரவிக்கை தைத்து, பட்டுச்சேலை இஸ்திரி போட்டு வருகிறவள். பெட்டியின் சூடு எத்தனை என்று கையைக் கிட்டக் கொண்டுபோனாலே சொல்லிவிடுவேன். எனக்கு இது என்ன பெரிய வித்தை என்று நானே அதை எடுத்துக்கொண்டேன். எங்கள் பயிற்சியாளர், பகலில் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருக்கும் பிரெஞ்சுக்காரர், ஒரு தடவை காட்டித் தந்தார். இரண்டாம் தடவை என் கையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். அது எனக்குப் பெருமை.

கிளப் தந்த இஸ்திரிப் பெட்டி ஒரு கிழட்டுப் பெட்டி. சூடு கூட்டிக் குறைக்கும் திருகு தேய்ந்து, தன் பாட்டில் புகைக்கும். மெழுகு புகைத்தால் ஸ்கியின் அடி கருகிவிடும். சின்னப் பந்தயங்களுக்கு அதைச் சமாளித்தேன். இந்தப் பந்தயத்துக்கு மனம் வரவில்லை. திங்கட்கிழமை காலையில், கடை திறப்பதற்கு முன், வெட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து அவளுடைய ஸ்கியைப் படுக்கவைத்தேன். கடை இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். அதற்குக் காலணி மாதிரி ஒரு சப்பாத்து உண்டு. பெட்டியின் அடியில் மாட்டுகிற வெள்ளைத் தகடு, வழுவழுவென்று இருக்கும். அது இருந்தால் பட்டுச் சரிகை கருகாது, ஒட்டாது. கூறைச்சேலைக்கு அது இல்லாமல் நான் பெட்டியைத் தொடவே மாட்டேன். என் பிள்ளையின் ஸ்கி என்ன கூறைச்சேலையிலும் குறைந்ததா? சப்பாத்தை மாட்டி, மூன்று தரம் மெழுகு பூசினேன். முதல் தரம் முடிய, ஆறவிட்டுச் சுரண்டி, இரண்டாம் தரம். அது போகிற வழவழப்பைப் பார்த்து எனக்கே ஆசையாக இருந்தது. சப்பாத்தைத் துடைத்துத் திரும்ப ஆணியில் கொழுவினேன்.

முதலாளி அண்ணை இரண்டு நாள் லீவு தந்தார், முகத்தை நீட்டிக்கொண்டு. கிளப்பின் வான் வண்டியில் மகள், மற்ற ஊர்க் கிளப் பிள்ளைகள் மூவர், பயிற்சியாளர், நான், ஒரு பெரிய பெட்டி பருத்தித்துறை வடை. விடியப் புறப்பட்டு மாலையில் போய்ச் சேர்ந்தோம். வடை பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. பயிற்சியாளர்தான் கூடச் சாப்பிட்டார், அதை இங்கே குறித்து வைக்க வேண்டும்.

பந்தயக் காலையில் புறப்படும் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம். முன்பெல்லாம் ஃபுளோர் என்ற ரசாயனம் கலந்த மெழுகு என்று ஒன்று இருந்ததாம். ஈரப் பனியில் ஸ்கியைப் பறக்கவைக்குமாம், ஆனால் பூசுகிறவரின் நெஞ்சுக்கும் மண்ணுக்கும் கேடு. அதனால் தடை செய்துவிட்டார்கள். யாரும் களவாகப் பூசியிருக்கிறார்களா என்று அந்தக் கூடாரத்தில் மெஷின் வைத்துப் பார்க்கிறார்கள். பச்சை எரிந்தால் ஓடலாம். சிவப்பு எரிந்தால் ஓட முடியாது.

எங்களுக்கு முன்னால் பிரெஞ்சு மலைக் கிளப் ஒன்றின் பெண் பிள்ளை நின்றாள். அவளுடைய ஸ்கிக்குச் சிவப்பு எரிந்தது. அந்தக் கிளப்பின் தலைவர் உள்ளே போனார், சோதனை செய்யும் மதாமின் தோளைத் தட்டினார், சிரித்தார். பழைய பிரஷ்ஷில் ஏதாவது ஒட்டியிருக்கும் என்றார். கொண்டுபோய்த் துடைத்து, சுரண்டி, திரும்ப வைத்தார்கள். கால் மணித்தியாலம் எடுத்தது. பச்சை. பிள்ளை ஓடப் போனாள். நல்லது, பிள்ளை பாவம் என்றுதான் நானும் நினைத்தேன். பொய் சொல்லவில்லை.

அடுத்தது எங்களுடையது. சிவப்பு. இன்னொரு இடத்தில் வைத்தார்கள். சிவப்பு. மூன்றாவது இடத்திலும் சிவப்பு.

மதாம் என் மகளை மேலும் கீழும் பார்த்தார். மெழுகை எங்கே வாங்கினாய், யார் தந்தது என்று கேட்டார், சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. என் மகள் பிறந்தது அதே பிரெஞ்சு மொழியில்தான் என்று அவருக்கு யார் சொல்வது. பையிலிருந்து மெழுகுக் கட்டியை எடுத்துக் காட்டினாள். எல்லாரும் பூசுகிற அதே மெழுகு, அதே உறை. எங்கள் பயிற்சியாளர் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்ப்போம் என்றார். நேரமில்லை, விதி விதிதான் என்றார்கள். வேறு ஸ்கி இருந்தால் கொண்டுவரட்டும் என்றார்கள். மற்றப் பிள்ளைகளிடம் இரண்டு மூன்று சோடி இருந்தன. எங்களிடம் ஒரு சோடிதான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று ஊரில் சொல்வார்கள். அதை ஆல்ப்ஸ் மலையில் வைத்துப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

அப்போதுதான் அந்தக் கிளப் தலைவர் எங்கள் பயிற்சியாளரிடம் சிரித்துக்கொண்டு ஒன்று சொன்னார். "தொண்ணூற்று மூன்றில் எல்லாம் வாங்கலாம்தானே." தொண்ணூற்று மூன்று என்பது எங்கள் மாவட்டத்தின் எண். அந்த எண்ணைச் சொல்லி அவர் எதையெல்லாம் சொன்னார் என்று பாரிஸில் இருக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை; மற்றவர்களுக்குச் சொல்கிறேன், ஏழைகளும் வெளிநாட்டாரும் இருக்கிற, களவுச் சாமான் விற்கிற இடம் என்று. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மதாமும் சிரித்தார். சத்தமாக இல்லை, ஆனால் சிரித்தார்.

என் பிரெஞ்சு கடைப் பிரெஞ்சு. அளவு, நிறம், நாளைக்கு வாங்கோ, அவ்வளவுதான். கோபம் வந்தால் அதுவும் போய்விடும். தமிழில் தொடங்கினேன். "என்ரை பிள்ளை களவெடுக்கிறவள் இல்லை. நான் பூசின மெழுகு. என்னட்டைக் கேளுங்கோ, அவளிட்டை என்ன கேக்கிறியள்?" ஒருவருக்கும் விளங்கவில்லை. பயிற்சியாளர் என் பக்கம் திரும்பி, என்ன பூசினீர்கள் என்று மெல்லக் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது. என் கையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போன மனிதர். என் வடையைத் தின்ற மனிதர்.

அப்போது கூடார வாசலில் ஒருவர் நின்றார். அதே மலைக் கிளப்பின் மெழுகு பூசும் ஆள், நாற்பது வயதிருக்கும், தாடிக்காரர். காலையில் அவர் எங்கள் ஸ்கிகள் நிறுத்தியிருந்த இடத்தில் குனிந்து நின்றதை நான் கண்டிருந்தேன். கையில் பிரஷ் இருந்தது. இவர்தான் எங்கள் ஸ்கியில் கள்ள மெழுகைப் பூசியிருக்கிறார் என்று ஒரு கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டது என்று நினைத்தேன். விரலை நீட்டி, அத்தனை பேருக்கு முன்னால், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஒரே சொல் சொன்னேன். "வொலர்." கள்ளன். அவருடைய முகம் தாடிக்கு மேலே சிவந்துபோனது.

"அம்மா, அரெத்" என்றாள் மகள். நிறுத்து என்று. பந்தய எண் போட்ட துணியைக் கழற்றி, நாலாக மடித்து மேசையில் வைத்தாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்கு அத்தனை கஷ்டமாக இருந்திராது.

வான் வண்டியில் ஏறித் திரும்பினோம். அடுத்த நாளே இன்டர்நெட்டில் முடிவு வந்தது. எல்லாப் பெயர்களுக்கும் கீழே, கடைசியில், எங்கள் பெயர், பக்கத்தில் தகுதி இழந்தவர் என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்து. லா சப்பலில் செய்தி பரவுவதற்குத்தான் பந்தயம் வைக்க வேண்டும். பக்கத்து ஊர் ஓல்னேயிலிருந்து ரவிக்கை எடுக்க வந்த அக்கா ஒருத்தி, "பிள்ளை ஏதோ கள்ள மெழுகு பூசினதாமே" என்று கேட்டா. அவவின் ரவிக்கையை அன்று நான் கொஞ்சம் இறுக்கமாகத்தான் பிடித்திருப்பேன். பிறகு பிரித்துத் தளர்த்திக் கொடுத்தேன், தொழில் என்று ஒன்று இருக்கிறது.

புதன்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை. மகள் நேரே கடைக்கு வந்தாள். எப்படிப் பூசினீர்கள், ஒவ்வொன்றாகச் செய்து காட்டுங்கள் என்றாள். நீயும் என்னைச் சந்தேகப்படுகிறாயா என்று சீறினேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். சரி என்று போர்வையை விரித்தேன், பெட்டியை எடுத்தேன், ஆணியிலிருந்து சப்பாத்தை எடுத்தேன்.

"இது என்ன?"

"சப்பாத்து. பட்டு கருகாமல் இருக்கிறதுக்கு."

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் உறை எங்கே என்று கேட்டாள். மேசை இழுப்பறை லாச்சியில் கிடந்தது. நான் ஒருநாளும் வாசித்ததில்லை. அவள் வாசித்தாள், ஃபோனில் எதையோ தேடினாள், பிறகு தையல் ஸ்டூலில் இருந்துவிட்டாள். ஒட்டாத தோசைக்கல்லில் பூசியிருக்கும் அதே பொருள்தானாம் அது. அதற்குள் இருப்பதும் அதே ஃபுளோர்தானாம். மூன்று தரம், சூடாக, அழுத்தித் தேய்த்திருக்கிறேன். பயிற்சியாளர் சப்பாத்தையும் ஸ்கியையும் வாங்கிக்கொண்டுபோய், மெஷின் வைத்திருக்கும் தெரிந்த ஒருவரிடம் காட்டினார். நாலு நாளில் ஃபோன் வந்தது. இரண்டுக்கும் சிவப்பு.

எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. பிள்ளையின் ஒரு வருடத்தை என் கையாலேயே, ஆசையாக, சப்பாத்துப் போட்டுத் தேய்த்து முடித்திருக்கிறேன். நான் சொன்ன முதல் சொல் என்ன தெரியுமா? "ஒருத்தருக்கும் சொல்லாதை." சேலை அயனால் ஸ்கி தேய்த்தவை என்று காலமெல்லாம் சிரிப்பார்கள் என்றேன். பயிற்சியாளரும் சொல்ல மாட்டார், பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய தமிழ் உடைந்த தமிழ், ஆனால் அன்றைக்கு ஒரு சொல்லும் உடையவில்லை. "அவையள் என்னைக் கள்ளி எண்டு நினைக்கினம். சிரிச்சால் பரவாயில்லை, அம்மா. நீங்கள் அந்த மெஸ்யூவையும் கள்ளன் எண்டு சொன்னனீங்கள்."

உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். இரண்டு கடிதம். நான் சொல்ல அவள் பிரெஞ்சில் எழுதினாள், கையெழுத்து என்னுடையது. ஒன்று தாடிக்காரருக்கு, மன்னிப்புக் கேட்டு. மற்றது பந்தயம் நடத்தியவர்களுக்கு. பிழை விட்டவள் நான், இப்படித்தான் விட்டேன், ஸ்கி சுத்தம் செய்யப்பட்டுவிட்டது, என் மகள் களவு செய்யவில்லை என்று இரண்டு வரியாவது அந்த முடிவோடு சேர்த்துப் போடுங்கள் என்று. சப்பாத்தின் படத்தையும் வைத்தோம். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் இரண்டாம் கடிதத்தின் கடைசியில் ஒரு பந்தி நான் விடாப்பிடியாகச் சேர்க்கச் சொன்னேன். எங்களுக்கு முன்னால் நின்ற பிள்ளைக்குத் துடைத்துப் பார்க்கக் கால் மணித்தியாலம் கிடைத்தது, என் பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை? தொண்ணூற்று மூன்று என்று சொல்லிச் சிரித்ததற்கும் விதி இருக்கிறதா? மகள் பேனையை வைத்துவிட்டு யோசித்தாள். பிறகு எழுதினாள், நான் சொன்னதைவிட நன்றாக.

தாடிக்காரரின் பதில் பத்து நாளில் வந்தது. சின்ன எழுத்தில் நாலு வரி. அன்று காலையில் காற்றுக்கு எங்கள் பக்கத்து ஸ்கிகள் சரிந்து விழுந்தனவாம். எங்களுடையது மற்றவற்றின் அடியில் கிடந்ததாம். மிதிபட்டு விடும் என்று எடுத்து நிறுத்தினாராம். பரவாயில்லை, மகளுக்கு வாழ்த்து என்று முடித்திருந்தார். அதை வாசித்துவிட்டு நான் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன். எங்களுக்கு உதவி செய்த ஒரே மனிதரைத்தான் நான் அந்தக் கூட்டத்தில் தெரிந்தெடுத்துக் கள்ளன் என்றிருக்கிறேன்.

பந்தயம் நடத்தியவர்களிடமிருந்து பதில் வரவில்லை. அந்த வருடம் லிசேயில் இடமும் கிடைக்கவில்லை. அடுத்த மாசியில் அதே ஊர், அதே கூடாரம், அதே மதாம். இந்த முறை ஸ்கிக்கென்றே விற்கும் புதுப் பெட்டி, புதுப் பிரஷ். ஸ்கியை வைத்தார்கள். பச்சை. பச்சை. பச்சை. நான் மதாமின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெயரைப் பார்த்தார், ஒரு கணம் என்னையும் பார்த்தார். எங்களை ஞாபகம் இருந்தது, அது எனக்குத் தெரியும். "பொன்" என்றார், சரி என்று. அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அவ்வளவுதான்.

தாடிக்காரருக்கு ஒரு பை பருத்தித்துறை வடை கொண்டுபோயிருந்தேன். நின்ற நிலையில் இரண்டைக் கடித்தார், உறைப்பில் கண் கலங்கியது, மூன்றாவதையும் எடுத்தார். பிறகு எங்கள் ஸ்கி ஒழுங்காக நிற்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். என் மகள் அன்று முப்பது பேருக்குள் வந்தாள். இப்போது அந்த லிசேயில்தான் படிக்கிறாள். அலுமாரிக் கதவில் படத்தை உரித்த இடத்தில் பசை அடையாளம் இன்னும் இருக்கிறது.

சப்பாத்தும் கடை ஆணியில் தொங்குகிறது, பட்டுக்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது. இன்டர்நெட்டில் அந்தப் பழைய முடிவும் அப்படியே இருக்கிறது, மூன்று எழுத்தோடு. நான் விட்ட பிழைக்கு வெட்கத்தை விழுங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்பினேன். அவர்கள் விட்ட பிழைக்கு ஒரு கடிதம் வரும் என்று, வேலை முடிந்து வீட்டுக்குள் ஏறுமுன் இன்றைக்கும் கீழே தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.